நட்சத்திரக் கூட்டம் தேட, முதலில் கையை நீட்டுங்கள்

இரவு வானில் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண்பது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நட்சத்திர வரைபடம் ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொண்டு மூன்று இரவு மாடியில் நின்றேன். படத்தில் இருக்கும் உருவங்களில் ஒன்றுகூட வானத்தில் தென்படவில்லை. எங்கே தப்பு?

பதில்: உருவம் வானத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அதைவிட மிகச் சின்னதாக ஒன்றைத் தேடுகிறீர்கள். புதிதாகப் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தொடுவானத்திலிருந்து எதிர்ப்புறத் தொடுவானம்வரை வானம் 180 டிகிரி. அதை 18 செ.மீ. வட்டத்துக்குள் அடக்கி வரைந்தால், தாளில் 1 செ.மீ. என்பது வானத்தில் 10 டிகிரி. ஓரியன் என்னும் வேட்டைக்காரன் அந்தத் தாளில் தோளிலிருந்து கால்வரை 2 செ.மீ.கூட இருக்க மாட்டான். முகத்துக்கு எதிரே 30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்க்கிறோம். கண்ணுக்குச் சுமார் 4 டிகிரி அளவில் தெரிகிறான். அதே அளவை மனதில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தால், அங்கே நிற்பவன் 19 டிகிரி ஆள்! ஏறக்குறைய ஐந்து மடங்கு. அவன் தோளுக்கும் காலுக்கும் நடுவில் எங்கோ நான்கு சின்னப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு ‘இதுவா, அதுவா’ என்று குழம்புகிறோம்.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. கையை முழுதாக, முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனியின் அகலம் 1 டிகிரி. நடுவில் உள்ள மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் 5 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முடிந்தமட்டும் விரித்தால் 20 முதல் 25 டிகிரி. சிறுவர்களுக்குக் கை சின்னது, ஆனால் அவர்கள் கையின் நீளமும் குறைவுதான். அதனால் கணக்கு பெரிதாக மாறாது.

கை அளவில் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சாதாரண ஸ்கேல் போதும். கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்தில் ஒரு செ.மீ. சரியாக 1 டிகிரி. பெரியவர்கள் கையை நீட்டிப் பிடித்தால் ஸ்கேல் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் இருக்கும். வரைபடத்தில் ஒரு உருவம் எத்தனை டிகிரி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அத்தனை செ.மீ. அளவுக்கு ஸ்கேலை வானத்தில் பிடியுங்கள். தேட வேண்டிய அளவு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சப்தரிஷி மண்டலம் தெரியும் காலமாக இருந்தால் உங்கள் கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதன் ஏழு நட்சத்திரங்களும் ஓர் அகப்பைபோல் நிற்கும். கிண்ணத்தின் வெளி ஓரத்தில், வாய்ப்பக்கம் இருக்கும் கிரதுவுக்கும் அடிப்பக்கம் இருக்கும் புலஹருக்கும் இடையே 5 டிகிரிக்குச் சற்று மேல். கிண்ணத்தின் மேல்வாய் 10 டிகிரி. கிண்ணத்தின் நுனியிலிருந்து கைப்பிடி நுனிவரை 25 டிகிரி. மூன்று விரல், முஷ்டி, விரித்த கை மூன்றையும் ஒரே இடத்தில் பொருத்திப் பார்க்க இதைவிட வசதியான இடம் வானத்தில் இல்லை.

கேள்வி: எந்தக் கூட்டத்தில் தொடங்கினால் சுலபம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், வேட்டைக்காரனில்தான். காரணம் அவனுடைய இடுப்புப் பட்டை. ஏறக்குறைய சம பிரகாசத்தில், சம இடைவெளியில், நேர்க்கோட்டில் மூன்று நட்சத்திரங்கள். இப்படி எடுப்பாக நிற்கும் மூவர் வானத்தில் வேறெங்கும் இல்லை. முதலிலிருந்து மூன்றாவதுவரை 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, அதாவது நீட்டிய கையில் இரண்டு விரல். பட்டை விண்ணின் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் துருவங்களை ஒட்டிய இடங்களைத் தவிர உலகின் எல்லாப் பகுதியிலிருந்தும் நன்றாகத் தெரியும். ஜனவரி நடுவில் இரவு 10 மணிக்கும், பிப்ரவரி நடுவில் 8 மணிக்கும் அவன் உச்சத்தில் இருப்பான். மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம்வரை சூரிய வெளிச்சத்தில் மறைந்திருப்பான். அப்போது தேடாதீர்கள்.

பட்டையைப் பிடித்ததும் அதற்கு இருபுறமும் சுமார் ஒரு முஷ்டி தள்ளி நான்கு மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலையில் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. அதற்கு நேர் எதிர் மூலையில் நீலம் கலந்த வெள்ளையாக ரைகல். இந்த இரண்டு நிறங்களையும் மாறி மாறிப் பாருங்கள். நட்சத்திரம் என்றால் வெள்ளை என்ற எண்ணம் அன்றோடு போய்விடும். தோள்கள் இரண்டுக்கும் நடுவில், சற்று மேலே, தலை இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான மூன்று புள்ளிகள் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள் கூடி நிற்கும். அதுதான் மிருகசீரிடம். நகர வெளிச்சத்தில் இது தெரியாமல் போகலாம், கவலை வேண்டாம்.

இனி நடக்க வேண்டியதுதான். பட்டையை ஒரு கோடாக எண்ணி, ரைகல் இருக்கும் பக்கமாகவும் இல்லாமல் திருவாதிரை இருக்கும் பக்கமாகவும் இல்லாமல், பட்டை காட்டும் திசையிலேயே தென்கிழக்காக இரண்டு முஷ்டிக்குச் சற்று மேல் போங்கள். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அங்கே இருக்கும். வேட்டைக்காரனோடு வந்த நாயின் மூக்கு அது. பட்டைக்குத் திரும்பி, எதிர்த்திசையில், வடமேற்காக அதே தூரம் போனால் சிவந்த ரோகிணி. அதைச் சுற்றி ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் சிறு நட்சத்திரங்கள் இருந்தால் சரியான இடம்தான். அதுவே ரிஷபத்தின் முகம். இன்னும் ஒன்றரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக அதே போக்கில் நகர்ந்தால் கார்த்திகை. முதல் பார்வைக்குச் சிறு புகைத் திட்டு போலிருக்கும். நின்று பார்த்தால் ஆறு புள்ளிகள் பிரியும்.

மறுபடி ரைகல். அங்கிருந்து திருவாதிரை வழியாக ஒரு கோட்டை இழுத்து, அதே போக்கில் மூன்று முஷ்டிக்குச் சற்று மேல் போனால், 4 அல்லது 5 டிகிரி இடைவெளியில் ஜோடியாக நிற்கும் புனர்பூச நட்சத்திரங்கள், காஸ்டரும் பொலக்ஸும். மிதுனத்தின் இரட்டைத் தலைகள். கடைசியாக திருவாதிரை, சிரியஸ் இரண்டையும் அடியாகக் கொண்டு கிழக்குப் பக்கம் ஒரு சமபக்க முக்கோணம் போடுங்கள், பக்கம் சுமார் 26 டிகிரி. மூன்றாவது முனையில் புரோசியான் நிற்கும்.

ஒரே இரவில் ஐந்து கூட்டங்கள். அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். மறுநாள் வரைபடம் இல்லாமல் இதே பாதையை நடந்து பாருங்கள். முடிந்தால்தான் அடுத்த கூட்டம்.

கேள்வி: மொத்தம் எத்தனை கூட்டங்கள்? ஒரு கூட்டத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் நிஜமாகவே பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையா?

பதில்: 88. சர்வதேச வானியல் ஒன்றியம் 1922இல் பட்டியலை ஏற்றது. பெல்ஜிய வானியலாளர் டெல்போர்ட் வகுத்த எல்லைக்கோடுகள் 1930இல் வெளியாயின. இன்று ‘கூட்டம்’ என்றால் உருவம் மட்டுமல்ல, வேலி போட்ட ஒரு மனை. வானத்தின் எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு மனைக்குள் வந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையா என்றால், பெரும்பாலும் இல்லை. சப்தரிஷி ஓரளவு விதிவிலக்கு. ஏழில் நடுவிலுள்ள ஐந்தும் சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில், சேர்ந்தே நகர்பவை. இரு முனைகளிலும் இருக்கும் கிரது சுமார் 120, மரீசி சுமார் 100 ஒளியாண்டு. இவை இரண்டும் அந்த ஐந்தோடு உறவில்லாதவை.

கேள்வி: வரைபடத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. தரை வரைபடத்தைக் கீழே குனிந்து பார்க்கிறோம், வான வரைபடத்தை அண்ணாந்து பார்க்கிறோம். தாளைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, அதில் வடக்கு என்றிருக்கும் ஓரத்தை உண்மையான வடக்குக்குத் திருப்புங்கள். கிழக்கும் மேற்கும் தானாகப் பொருந்திவிடும். கையில் பிடித்து நின்றபடி பார்ப்பதானால், நீங்கள் எந்தத் திசையை நோக்கி நிற்கிறீர்களோ அந்தத் திசையின் பெயர் தாளின் கீழ்ப்பக்கம் வரும்படி சுழற்றிக்கொள்ளுங்கள். தாளின் மையம் உங்கள் தலை உச்சி.

இன்னொன்று. தலைக்கு மேல் இருக்கும் கூட்டத்துக்கு மேல், கீழ் கிடையாது. நீங்கள் முகத்தைத் திருப்பினால் அதுவும் திரும்பிவிடும். வேட்டைக்காரன் வட பகுதிகளில் தெற்கு நோக்குபவர்களுக்கு நிமிர்ந்து நிற்பான், தென் பகுதிகளில் வடக்கு நோக்குபவர்களுக்குத் தலைகீழாகத் தொங்குவான், நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் உதிக்கும்போது பக்கவாட்டில் படுத்துக் கிடப்பான். ஆகவே ‘இடது தோள், வலது கால்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த நட்சத்திரத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று பழகுங்கள்.

கேள்வி: மொபைல் செயலியை வானத்தை நோக்கிக் காட்டினால் நிலா இல்லாத இடத்தில் நிலா இருப்பதாகச் சொல்கிறது. செயலி சரியில்லையா?

பதில்: செயலியின் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். திசைகாட்டி கெட்டிருக்கிறது. போனை எவ்வளவு உயர்த்திப் பிடித்திருக்கிறீர்கள் என்பதைப் புவியீர்ப்பை வைத்து உள்ளிருக்கும் உணரி அறிகிறது, அதில் தவறு குறைவு. எந்தத் திசை என்பதை மட்டும் காந்தப்புலத்தை வைத்து அறிகிறது. அதைக் கெடுக்கப் பக்கத்தில் ஒரு துண்டு இரும்பு போதும். அதனால்தான் படம் மேலே கீழே பிசகாமல், இடமோ வலமோ 10, 20 டிகிரி தள்ளி நிற்கிறது.

காந்தப் பூட்டு உள்ள உறையைக் கழற்றுங்கள். இரும்புக் கைப்பிடிச் சுவர், கார், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி இவற்றைவிட்டு நாலைந்து அடி விலகி நில்லுங்கள். போனைக் காற்றில் எட்டு எழுதுவதுபோல் நாலைந்து முறை சுழற்றுங்கள். இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். கொடுக்காவிட்டால் சில செயலிகள் ஏதோ ஒரு ஊரின் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தள்ளி நின்றால், நிலாவையோ நன்றாகத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தையோ வைத்து எத்தனை முஷ்டி தள்ளியிருக்கிறது என்று அளந்துகொண்டு, மற்றவற்றுக்கும் அதே அளவு கழித்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால், உணரியை அணைத்துவிட்டு, விரலால் நகர்த்தும் வரைபடமாக மட்டும் செயலியைப் பயன்படுத்துவதே மேல். ஸ்டெல்லேரியம் போன்றவற்றில் அது முடியும். காட்டிய இடத்தில் பெயரைப் படிப்பவருக்குப் பத்து இரவானாலும் வானம் பழகாது.

கேள்வி: போன மாதம் 10 மணிக்கு உச்சியில் இருந்த கூட்டம் இந்த மாதம் அதே நேரத்துக்கு மேற்கே சரிந்திருக்கிறது. ஏன்?

பதில்: நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. பூமி தன்னைச் சுற்ற எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம். நம் கடிகாரமோ சூரியனை வைத்து 24 மணி. அந்த 4 நிமிடம் ஒரு மாதத்தில் 2 மணி நேரமாகிறது. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், அதே நேரத்தில் பார்த்தால் 30 டிகிரி, அதாவது மூன்று முஷ்டி மேற்கே போயிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் வரைபடத்தை மாதத்துக்கு ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. மார்ச் 1, இரவு 10 மணி வரைபடம் ஏப்ரல் 1, இரவு 8 மணிக்கும் பொருந்தும். பிப்ரவரி 1, இரவு 12 மணிக்கும் பொருந்தும். கோள்களும் நிலாவும் மட்டும் இதற்குக் கட்டுப்படாது.

கேள்வி: துருவ நட்சத்திரம்தான் வானிலேயே மிகப் பிரகாசமானது என்று நினைத்து வடக்கே தேடினேன். அப்படி எதுவும் இல்லையே?

பதில்: நினைப்பே தவறு. பிரகாச வரிசையில் அதற்கு 50க்கு அருகில்தான் இடம். அதன் பெருமை பிரகாசத்தில் இல்லை, அசையாமல் நிற்பதில்.

வானியலில் பிரகாசத்தை எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். சிரியஸ் மைனஸ் 1.5, துருவ நட்சத்திரம் 2, இருண்ட வானில் வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லை சுமார் 6.

தேடும் முறை: முதலில் உங்கள் ஊரின் அட்சரேகையைப் பாருங்கள். 20 டிகிரி வடக்கு என்றால் வடக்குத் தொடுவானத்துக்கு மேலே சரியாக இரண்டு முஷ்டி உயரத்தில் அது இருக்கும். 10 டிகிரி என்றால் ஒரே முஷ்டி. அவ்வளவு தாழ்வில் தூசியும் ஈரப்பதமும் அதை விழுங்கிவிடுவது சகஜம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு அது கிடையாது.

சப்தரிஷியில் புலஹரிலிருந்து கிரதுவுக்குக் கோடு இழுத்து, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு தாண்டினால் துருவ நட்சத்திரம். தாழ்ந்த அட்சரேகைகளில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை முன்னிரவில் சப்தரிஷி தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அப்போது துருவத்துக்கு எதிர்ப்பக்கம் ‘எம்’ அல்லது ‘டபிள்யூ’ போலத் தெரியும் காசியோப்பியாவைப் பிடியுங்கள். அதன் நடு முனையிலிருந்து, அகலமான வாய் திறந்திருக்கும் பக்கமாக மூன்று முஷ்டி போனால் அதே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். காசியோப்பியா காட்டும் வழி சப்தரிஷியினுடையதைப் போல் துல்லியமானதல்ல. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு பிரகாசமான நட்சத்திரம் இல்லாததால் பிழைத்துக்கொள்ளலாம்.

துருவ நட்சத்திரம் சின்ன அகப்பை ஒன்றின் கைப்பிடி நுனி. அந்தச் சின்ன அகப்பை உங்கள் வானத்தின் தரத்தை அளக்கும் கருவி. கிண்ணத்தின் நான்கு மூலைகளின் பிரகாசம் முறையே சுமார் 2, 3, 4.3, 5. இரண்டு மட்டும் தெரிந்தால் நகர வானம். மூன்று தெரிந்தால் பரவாயில்லை. நான்கும் தெரிந்தால் அந்த இடத்தை விடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லதா?

பதில்: கற்றுக்கொள்ளும்போது இல்லை! முதன்முதலாக மிக இருண்ட இடத்துக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவில் தெரிந்த உருவத்தையும் தொலைத்துவிடுவார்கள். அரை நிலா வெளிச்சமோ, சுமாரான நகர வெளிச்சமோ மங்கலானவற்றை அழித்துவிட்டு முக்கிய நட்சத்திரங்களை மட்டும் மிச்சம் வைக்கும். வரைபடத்தில் கோடு போட்டு இணைத்திருப்பவையும் பெரும்பாலும் அவைதான். நாலைந்து உருவங்கள் பழகிய பிறகு, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இருட்டைத் தேடிப் போகலாம்.

கேள்வி: அரை மணி நேரம் இருட்டில் இருந்தால்தான் கண் பழகும் என்கிறார்கள். நடுவில் போன் பார்க்கலாமா?

பதில்: பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. கண்ணின் பாவை சில விநாடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரையின் கோல் செல்களில் ரோடாப்சின் என்னும் நிறமி திரும்ப ஊற 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் அதைச் சில நொடிகளில் சிதைத்துவிடும். அடர் சிவப்பு வெளிச்சத்தைக் கோல் செல்கள் அவ்வளவாக உணர்வதில்லை என்பதால் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டுவது வழக்கம். ஒரு சுற்று போதாது, வெளிச்சம் ஆரஞ்சாக வரும். மூன்று, நான்கு சுற்று வேண்டும். வரைபடத்தைச் சிரமப்பட்டுப் படிக்கும் அளவுக்கு மங்கியிருந்தால் அதுவே சரி. போன் செயலியின் ‘இரவு நிறம்’ சிவப்பாக இருந்தாலும் திரையின் பிரகாசத்தையும் முழுதாகக் குறையுங்கள்.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்காதீர்கள், சற்று ஓரமாகப் பாருங்கள். விழித்திரையின் நடு மையத்தில் கோல் செல்களே இல்லை. நேராகப் பார்த்தால் மறைவதும் ஓரமாகப் பார்த்தால் தலைகாட்டுவதும் கண்கட்டு வித்தையல்ல.

கேள்வி: சிம்மத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு பிரகாசமான நட்சத்திரம் தெரிகிறது. புதிய நட்சத்திரமா?

பதில்: கோள். சூரியன் நகரும் பாதையை ஒட்டிய கூட்டங்களில் ‘அழையா விருந்தாளி’ தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கோள்தான். வரைபடம் அச்சாகும்போது கோளுக்கு நிரந்தர இடம் இல்லாததால் போடுவதில்லை.

எந்தக் கோள்? நள்ளிரவில் உச்சியில் இருந்தால் வெள்ளி அல்ல, அது சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. வெண்மையாக, சிரியஸைத் தூக்கிச் சாப்பிடும் பிரகாசத்தில் நள்ளிரவிலும் நின்றால் வியாழன். சிவப்பாக இருந்தால் செவ்வாய். மங்கிய மஞ்சள் என்றால் சனி. ‘நட்சத்திரம் மின்னும், கோள் மின்னாது’ என்பது உயரத்தில் மட்டும் செல்லுபடியாகும் விதி. தொடுவானத்தை ஒட்டி எல்லாமே மின்னும். உறுதிசெய்ய, பக்கத்தில் உள்ள இரண்டு நட்சத்திரங்களோடு அதையும் சேர்த்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். செவ்வாய் என்றால் நகர்ந்திருப்பது பளிச்சென்று தெரியும். சனிக்கு ஒரு சுற்று 29 ஆண்டுக்கு மேல், கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும்.

கேள்வி: நவம்பர் கடைசியில் சூரியன் விருச்சிகத்தில் இருப்பதாகப் படித்தேன். அந்த வாரம் இரவெல்லாம் தேடியும் தேள் கிடைக்கவில்லையே?

பதில்: சூரியன் அங்கே இருப்பதால்தான் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டம் சூரியனோடு உதித்து சூரியனோடு மறைகிறது. ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள். ஜூன் தொடக்கத்தில் நள்ளிரவிலும், ஜூலை தொடக்கத்தில் 10 மணிக்கும் தேள் அதன் உச்சத்தில் இருக்கும். வேட்டைக்காரன் போன பிறகுதான் தேள் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

தேள் தேள் மாதிரியே இருப்பது ஒரு அதிசயம். நடுவில் சிவப்பாகக் கேட்டை. அதன் கிரேக்கப் பெயரான ஆன்டாரெஸுக்கு ‘செவ்வாய்க்குப் போட்டி’ என்று பொருள், அதனால் பக்கத்தில் செவ்வாய் வரும் ஆண்டில் குழம்பாதீர்கள். கேட்டைக்கு மேற்கே குறுக்காக நிற்கும் மூன்றும் அனுஷம். கேட்டையிலிருந்து தென்கிழக்காக இறங்கும் வரிசை, கொக்கிபோல் வளைந்து மேலேறி, அருகருகே இருக்கும் இரண்டு நட்சத்திரங்களில் முடியும். கொடுக்கு அதுதான், மூலம். தலையிலிருந்து கொடுக்குவரை விரித்த கை அளவு, 25 டிகிரி. வட அட்சரேகை 40ஐத் தாண்டியவர்களுக்கு வால் தொடுவானத்தில் உரசிப் பாதி காணாமல் போகும்.

ராசிச் சக்கரம் 30 டிகிரி வீதம் சமமாகப் பிரித்தது. வானத்துக் கூட்டங்களின் எல்லை அப்படி இல்லை. 1930 எல்லைப்படி சூரியன் விருச்சிகத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். அடுத்த இரண்டரை வாரம், டிசம்பர் நடுவரை, ஓபியூக்கஸ் என்னும் பாம்பாட்டியின் எல்லைக்குள் போகிறது. கன்னியைக் கடக்க மட்டும் அதற்கு ஒன்றரை மாதம்!

கேள்வி: திரிசங்கு என்னும் தென் சிலுவை என்று நினைத்து ஒரு சிலுவையைப் படம் எடுத்தேன். அது இல்லை என்கிறார் நண்பர்.

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரியாக இருக்கலாம். திரிசங்குவுக்கு முன்பாகவே, அதற்கு மேற்கே ஒரு போலிச் சிலுவை உதித்துவிடும். போலி பெரியது, நீள அச்சு சுமார் 9 டிகிரி. நிஜமானது 6 டிகிரிதான், மூன்று விரலுக்குச் சற்று மேல். நிஜமானதில் ஐந்தாவதாக ஒரு மங்கல் நட்சத்திரம் ஓரமாக ஒட்டியிருக்கும். தலை நட்சத்திரம் சிவந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம், கிழக்கே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், ஆல்ஃபா, பீட்டா சென்டாரி, திரிசங்குவைச் சுட்டிக்கொண்டு வரும். சுட்டிகள் இல்லையென்றால் சிலுவையை நம்பாதீர்கள்.

25 டிகிரி வட அட்சரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள் ஏப்ரல் கடைசியில் 10 மணி வாக்கில், மறைப்பில்லாத தெற்குத் தொடுவானம் கிடைத்தால் பார்க்கலாம். அந்த நேரத்தில் திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷியும் நிற்கும். அதன் கைப்பிடி வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு மூன்று முஷ்டி போனால் சுவாதி, இன்னும் மூன்று முஷ்டிக்குச் சற்று மேல் போனால் சித்திரை. திரிசங்குவின் நீள அச்சைத் தலையிலிருந்து அடி வழியாக நாலரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென் துருவம். அங்கே சொல்லிக்கொள்ளும்படி நட்சத்திரம் எதுவும் இல்லை.

கேள்வி: கூட்டங்களைப் பார்க்க பைனாகுலர் வாங்கலாமா? 20 மடங்கு காட்டுவது நல்லதா?

பதில்: உருவத்தைக் கண்டுபிடிக்க வெறும் கண்தான். 10×50 பைனாகுலரில் (10 மடங்கு, 50 மி.மீ. முன்வில்லை) ஒரே சமயத்தில் தெரிவது 6 அல்லது 7 டிகிரி. வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை அடங்கும், ஆள் அடங்கமாட்டான். உருவம் பழகிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க 7×50 அல்லது 10×50 அருமையானது. பட்டைக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் இருக்கும் புகைத் திட்டான ஓரியன் நெபுலாவும், கார்த்திகையின் பல பத்து நட்சத்திரங்களும் அதில் கிடைக்கும். 20 மடங்கு கையில் நடுங்கும், பார்வைப் பரப்பு பாதியாகச் சுருங்கும், எங்கே பார்க்கிறோம் என்றே தெரியாது.

கவனத்தில் வைக்க: முதலில் வலது குழலை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குக் குவியுங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்வில்லை வளையத்தால் வலக்கண்ணுக்கு. இதைச் செய்யாமல் ‘மங்கலாக இருக்கிறது’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

கேள்வி: மொபைலில் கூட்டங்களைப் படமெடுக்க முடியுமா?

பதில்: முடியும். முக்காலி அல்லது செங்கல், ப்ரோ மோடு, குவியம் முடிவிலி, ஐஎஸ்ஓ 800 முதல் 1600, 10 விநாடி, 3 விநாடி டைமர். 15 விநாடியைத் தாண்டினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடத் தொடங்கும். அகலக் கோண லென்ஸைவிட முதன்மை லென்ஸ் தெளிவு. ஒரு எச்சரிக்கை: படத்தில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் விழுவதால் உருவம் கலங்கிப்போகும். படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தால் முக்கியமானவை மட்டும் மிஞ்சும்.

கேள்வி: கண் பார்வையைச் சோதிக்க அருந்ததியைப் பார் என்கிறார்கள். உண்மையில் கஷ்டமா?

பதில்: இல்லை. சப்தரிஷி அகப்பைக் கைப்பிடியின் நடுவில் இருக்கும் வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடைவெளி 12 கலை (60 கலை 1 டிகிரி), முழு நிலா அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சுமாரான கண்ணுக்கே பிரியும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் கண்ணில் இல்லை, வானத்து வெளிச்சத்தில். அருந்ததியின் பிரகாச எண் 4. நகர வானம் அதை மூழ்கடித்துவிடும்.

கேள்வி: வேட்டைக்காரன் கிழக்கே உதிக்கும்போது பிரம்மாண்டமாக இருக்கிறான், உச்சிக்கு வந்ததும் சுருங்கிவிடுகிறான். காற்று மண்டலம் பெரிதாக்கிக் காட்டுகிறதா?

பதில்: காற்று மண்டலம் பெரிதாக்குவதில்லை. தொடுவானத்தை ஒட்டி ஒளி வளைவதால் உருவம் உயரவாக்கில் கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும். மரமும் கட்டடமும் பக்கத்தில் இருக்கும்போது மூளை அந்தத் தூரத்தை அதிகமாக எடுத்துக்கொண்டு உருவத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறது. நிலா உதிக்கும்போது பெரிதாகத் தெரிவதும் இதே மயக்கம். உதித்து ஒரு மணி நேரம் ஆனதும் ஒருமுறை, உச்சிக்கு வந்ததும் ஒருமுறை, கையை நீட்டி ஸ்கேலைப் பிடித்துத் திருவாதிரைக்கும் ரைகலுக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு முறையும் 19 செ.மீ.யை ஒட்டித்தான் வரும்.